கீழ்த்தட்டுச் சுவர்

இப்ப உள்ள ஆக்களுக்குச் செடியில கை வைக்காமப் படம் புடிக்கத் தெரியாது, சேர். நான் சதுரமா வெட்டி வெச்ச செடிக்கு மேல குந்தி இரிக்கானுகள். ஏசினா, "தோட்டம் உங்கட வாப்பாடதா?" எண்டு கேட்கிறானுகள்.

வாப்பாடது இல்லதான். வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் தன்ட ஊர் மாளிகைத் தோட்டத்தப் போல, இந்தப் பொத்துவில் மேட்ட மூண்டு தட்டா வெட்டி, தட்டுக்குத் தட்டு கல்லுச் சுவர் எழுப்பி வெச்சிட்டுப் போனது. அதுக்குப் பொறகு வளவு எத்தினையோ கை மாறிட்டு. தோட்டம் பார்க்கிற நான் மட்டும் மாறல்ல.

போன வருசம் கல்முனையில இருந்து றிஸ்வான் இந்த வளவுக்கு மனேஜரா வந்தான். "மூத்தாப்பா, சாப்பிட்டீங்களா?" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்பான். எனக்கு அதுவே புடிக்கல்ல. காரியம் இல்லாம எவன் கேட்பான்? பொறகு ஒரு நாள் நாடாவ எடுத்துக் கீழ்த்தட்டுச் சுவர அளந்தான். இந்தக் கரையில நாடாவோட வந்தவன் காணியப் புடிக்காமப் போனத நான் காணல்ல. எங்கட வயலும் அப்பிடித்தான் போனது. சுவர ஒடைச்சி ஹோட்டல் அறை கட்டப் போறான் எண்டு விளங்கிட்டு.

"என்னத்துக்கு அளக்காய்?"

"பொறுங்களன் மூத்தாப்பா, முதலாளி ஓம் எண்டாப் பொறகு சொல்றன்" எண்டு சிரிச்சான். மறைக்கிறவன்தான் சிரிப்பான்.

மண்ணுல ஊறுற தண்ணி வெளிய வர, சுவரடியில ஓட்டைகள் இரிக்கி. மாரிக்கு முன்ன அதுகளக் குத்தித் துப்பரவாக்கிறது என்ட வேலை. இந்த முறை தேங்காப் பொச்சும் களிமண்ணும் வெச்சி அடைச்சன். நல்ல மழை. மண் வீங்கி, சுவர் வயிறு தள்ளிச்சு. அவனக் கூப்பிட்டன். "மேல நிண்டாத் தெரியாது மகன், கீழ இறங்கிக் கிட்டப் போய்ப் பாருங்க" எண்டன். போனான். நான் படியில நிண்டன். கனநேரம் எடுக்கல்ல.

அவன்ட ஜனாஸாவுக்கும் போனன். எல்லாரையும் போல மூண்டு பிடி மண் போட்டன். மறுகா அவன்ட வீட்டுக்குப் போனா, பொஞ்சாதி பஸ்னா கதவுக்குப் பின்னால நிண்டு கதைச்சாள்.

"ஆதம்பாவா மூத்தாப்பா, நீங்க பகல்ல அந்தச் சுவருக்குக் கீழதானே படுக்கிற. உங்களுக்கு மேல விழுந்திரும் எண்டு பயந்துதான், திருப்பிக் கட்ட அளந்தவர்."

"ஓம் மகள்" எண்டு சொல்லிட்டு ரோட்டுக்கு இறங்கி நடந்தன். பாவம் அந்தப் புள்ள. அதுக்கிட்டயும் உண்மைய மறைச்சித்தான் வெச்சிரிக்கான்.