பகல் பஸ்ஸின் முறை

அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பகல் பஸ்ஸில் என்னோடு ஏழு பேர்தான். முன் சீற்றில் இருந்த நடுவயதுப் பெண்மணி, "டவுனில எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்றதும் காது கொடுத்தேன்.

பயணப் பையோடு அவருக்குப் பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரித்தாள். "அப்ப ஏனக்கா வெளிக்கிட்டனீங்கள்?"

"ஆக்கள் ஏறாட்டி பஸ்ஸை நிப்பாட்டிப் போடுவாங்கள். பிறகு கிளினிக்குக்கு எப்பிடிப் போறது? அதுதான் கோயில் திருவிழா மாதிரி வீட்டுக்கு வீடு முறை வச்சிருக்கிறம். முறைக்காரர் கட்டாயம் ஏறவேணும். போய், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, இதே பஸ்ஸில திரும்பி வாறதுதான்."

"ஊரை விட்டுப் போன ஆக்களின்ர முறை?"

"அவையின்ர பேரை வெட்டேல்லை. அவைக்காக எங்களில ஆராவது ஏறுவம்."

இளம்பெண் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நாங்கள் வவுனியாவுக்குப் போய் மூண்டு வருசமாச்சு. எங்கட வீட்டு முறை எப்ப வருது?"

"இண்டைக்குத்தான், பிள்ளை. நீ இந்த பஸ்ஸில வாறது தெரிஞ்சிருந்தா நான் வீட்டில நிண்டிருப்பன்."