நடுப்பாதைப் பலகை

தங்கை: பாத்துக்கா... இடது பக்கம் குப்பைத் தொட்டி.

அக்கா: அது மூக்குக்கே தெரியுதுடி, கண்ணு எதுக்கு?

தங்கை: சக்கர நாற்காலின்னா இந்த வழியாத்தான் போகணும்னு வாசல்ல சொல்லிட்டாங்க.

அக்கா: சொல்லுவாங்க. மத்தவங்களுக்கு முன்வாசல். ஸ்பீக்கர் பெட்டிக்கும் எனக்கும் பின்வாசல். அந்த செக்யூரிட்டி என்ன பண்ணான் கவனிச்சியா? பையெல்லாம் வெளில வெச்சுடுங்கன்னு சொல்லிட்டு, என் வண்டியையும் சேத்துப் பாக்கறான்!

தங்கை: அதான் நான் அப்பவே சொன்னேன், வீட்லயே இருந்து...

அக்கா: டிவில பாத்துக்கலாம்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நம்ம தம்பி முதல் தடவையா இவ்வளவு பெரிய அரங்கத்துல பாடறான். நான் நேர்ல கேக்கணும். அவன் முகத்தைப் பாத்துக் கேக்கணும். இன்னிக்கு மட்டும் நடக்கல...

தங்கை: நடக்கலேன்னா?

அக்கா: இனிமே எந்தக் கச்சேரிக்கும் கிளம்ப மாட்டேன். அலுத்துப்போச்சுடி. ஏய், தள்ளாத, நானே ஓட்டிக்கறேன். கதவை மட்டும் பிடி.

தங்கை: அக்கா... உள்ள பூராவும் படி. கீழ மேடை வரைக்கும்.

அக்கா: நம்ம சீட்டு?

தங்கை: முன்வரிசை. அந்தா... அடில.

அக்கா: பேஷ்! வெப்சைட்ல "அனைவரையும் வரவேற்கிறோம்"னு போட்டு, கூடவே நீலக் கலர்ல சக்கர நாற்காலி படம் வேற. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க!

தங்கை: மெதுவா பேசு. யாரோ வர்றாங்க. மேனேஜர் போல.

மேனேஜர்: வணக்கம் மேடம், வாங்க வாங்க! உங்கள மாதிரி ஆளுங்க வர்றது எங்களுக்கு ரொம்பப் பெருமை.

அக்கா: எங்கள மாதிரின்னா? டிக்கெட் வாங்கினவங்களா?

மேனேஜர்: ஹி ஹி... நல்லாப் பேசறீங்க. சிஸ்டர், இவங்க தண்ணி ஏதாச்சும் குடிப்பாங்களா?

தங்கை: அவங்களையே கேளுங்க.

அக்கா: கால்தான் சார் வராது. வாய் நல்லாவே வரும். கேட்டுக்கிட்டுத்தான இருக்கீங்க?

மேனேஜர்: சேச்சே, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்காகவே ஒரு ஏற்பாடு. இந்த வராந்தாவுல பெரிய டிவி இருக்கு. உள்ள நடக்கறது அப்படியே தெரியும். பாத்ரூமும் பக்கத்துலயே.

அக்கா: டிவி என் வீட்லயும் இருக்கு. பாத்ரூமும் பக்கத்துலதான். அதுக்கு இங்க வந்து குப்பைத் தொட்டியை மோந்து பாக்கணுமா?

மேனேஜர்: அப்ப... இங்கயே கடைசி வரிசைக்குப் பின்னாடி, அந்தத் தூண்கிட்ட...

அக்கா: தூண் என்ன பாட்டு பாடும்?

மேனேஜர்: மேடம், உங்க பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன். கீழ போயிட்டீங்கன்னு வைங்க, திடீர்னு நெருப்பு பிடிச்சா எப்படி வெளில வருவீங்க?

அக்கா: மேடைல நெருப்புப் பொறி பறக்கும்னு நீங்கதான போஸ்டர் அடிச்சிருக்கீங்க? அது ஆபத்து இல்ல, நான் ஆபத்தா?

மேனேஜர்: சரி சரி. நாலு பசங்களக் கூப்பிடறேன். அலேக்காத் தூக்கி...

தங்கை: ஐயோ, வேணாம்!

அக்கா: இது பேட்டரி வண்டி சார். உங்க பசங்க இடுப்பு போயிடும். போன தடவை இன்னொரு மண்டபத்துல அப்படித்தான் தூக்கினாங்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே. சுத்தி இருந்தவங்க கை தட்டினாங்க. பாட்டுக்கு இல்ல, எனக்கு. வீட்டுக்குப் போய் அழுதேன். போதுமா?

மேனேஜர்: அது... ஒரு அன்புல தட்டியிருப்பாங்க.

அக்கா: அந்த அன்பைக் கட்டடம் கட்டறப்பவே காட்டியிருக்கலாமே.

தங்கை: அக்கா, விட்டுத்தள்ளு. போயிடலாம். அடுத்த மாசம் வேற எங்கயாச்சும் பாடாமலா போவான்...

அக்கா: வந்ததுலேருந்து இதே பல்லவி. உனக்கு என்னடி அவசரம்?

தங்கை: அவசரம்லாம் ஒண்ணும் இல்ல...

மேனேஜர்: பாடகர் உங்களுக்குப் பழக்கமா மேடம்?

அக்கா: கேள்விப்பட்டிருக்கேன். அது இருக்கட்டும். சுவத்துல நீளமா சாய்ச்சு வெச்சிருக்கீங்களே, அது என்ன பலகை?

மேனேஜர்: எது? ஓ, அதுவா... பழைய சாமான்.

அக்கா: பழசா? என்னமா பளபளங்குது! ஓரத்துல அதே நீலப் படம் வேற. காதுல பூ சுத்தாதீங்க சார். படிமேல போடற பலகைதான?

தங்கை: அக்கா, வேணாம். ப்ளீஸ்...

அக்கா: நீ சும்மா இரு. சொல்லுங்க சார்.

மேனேஜர்: ஆமா மேடம். ஆனா இன்னிக்குப் போட முடியாது.

அக்கா: ஏன், பலகைக்கு இன்னிக்கு லீவா?

மேனேஜர்: உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது... காலைல நடுப்பாதைல போட்டுத்தான் வெச்சிருந்தோம். பாடகர்தான் எடுக்கச் சொல்லிட்டாரு. இங்கேருந்து நடுப்பாதை வழியா பாடிக்கிட்டே இறங்கி வரப்போறாராம். அவர் மேல லைட்டு, முன்னாடி காமிரா. பலகை கிடந்தா வீடியோல அசிங்கமாத் தெரியும்னுட்டாரு.

அக்கா: அவ்வளவுதானா?

மேனேஜர்: நான் கேட்டேன் மேடம், சத்தியமா கேட்டேன். யாராச்சும் வண்டில வந்தா என்ன சார் பண்றதுன்னு. "ஒருத்தங்க வரலாம்... யாரோ தெரிஞ்சவங்க. படியைப் பாத்தா அவங்களே திரும்பிப் போயிடுவாங்க"ன்னாரு.

தங்கை: யாரோ தெரிஞ்சவங்களா? அப்படியா சொன்னான் அந்தப் பாவி?

மேனேஜர்: சொன்னானா? சிஸ்டர், நீங்க...

தங்கை: எங்க தம்பி சார் அவன்! கூடப் பொறந்தவன்! இவ மடில, இந்த மாதிரி ஒரு வண்டில உக்காந்துதான் அவன் பாடவே ஆரம்பிச்சான். யாரோவாம், தெரிஞ்சவங்களாம்!

மேனேஜர்: அடக் கடவுளே.

தங்கை: அக்கா... என்னை மன்னிச்சுடு. நீ டிக்கெட் எடுக்கச் சொன்னதை அவன்கிட்ட நான்தான் உளறினேன். எப்படியாச்சும் பேசி வீட்லயே நிறுத்திடுன்னு சொன்னான். உன்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. இங்க வந்து படியைப் பாத்தா நீயா கோவப்பட்டுத் திரும்பிடுவே, பழி இந்த அரங்கத்தோட போயிடும்னு நெனச்சேன். அவன் சொன்னது உனக்குத் தெரியவே கூடாதுன்னு...

அக்கா: அழாத. எனக்கு எப்பவோ தெரியும்டி. போன வாரமே போன் பண்ணி, "உனக்கு எதுக்கு அக்கா சிரமம், வராத"ன்னு கொஞ்சினான். சரிடா ராஜான்னேன். போனை வெச்ச கையோட உன்னைக் கூப்பிட்டு முன்வரிசைல எடுடீன்னேன். சார், பலகையைப் போடுங்க, நடுப்பாதைலயே. உங்க பாடகர் இறங்கி வர்றப்ப நான் பாதி வழில நிப்பேன். யாரு இதுன்னு கேட்டாருன்னா, யாரோ தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்க.