வேலியில் ரெண்டு மஞ்சள் பூ

சுபாஷினி: ...மஞ்சள்தான் காமினி, மஞ்சள்! அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

காமினி: எந்த மஞ்சள், அண்ணி? நம்ம ஃபிளாட் பின் வேலியில ரெண்டு மஞ்சள் இருக்கே.

சுபாஷினி: எனக்கெப்படித் தெரியும்? என்ன பூ, என்ன பூன்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் முழிக்கிறேன்.

காமினி: இருங்க. மொதல்ல அண்ணன் எப்படி இருக்கு?

சுபாஷினி: வாந்தி நிக்கல மா. ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில, கெரெத்தாவுலயே ரெண்டு வாட்டி எடுத்தாரு. இங்க எமர்ஜென்சியில படுக்க வெச்சு, நெஞ்சுல வயர் மாட்டியிருக்காங்க. துடிப்பு கம்மியா இருக்காம்.

காமினி: கம்மின்னா?

சுபாஷினி: தெரியல... அந்த மிஷின் சும்மா சும்மா கத்துது. உங்க அண்ணன் கண்ணைத் தொறக்கவே தெம்பில்லாம கிடக்கிறாரு...

காமினி: அழாதீங்க அண்ணி. நீங்க அழுதா எனக்கு மூளை ஓடாது. பூவை அப்படியே தின்னுச்சா?

சுபாஷினி: கொதிக்க வெச்சுக் குடிச்சாரு. காலையில, நீ டயாலிசிஸுக்குக் கிளம்பினப்புறம். பெரிய காப்பி மக்குல ஒரு மக்கு.

காமினி: அண்ணனா? காப்பிக்குத் தண்ணி வெக்கத் தெரியாத ஆளு... பூவைக் கொதிக்க வெச்சுச்சா?

சுபாஷினி: வாட்ஸ்அப்ல ஏதோ வந்துச்சாம்.

காமினி: எதுக்கு நல்லதுன்னு வந்துச்சு?

சுபாஷினி: ...உடம்புக்குக் குளிர்ச்சின்னு.

காமினி: குளிர்ச்சிக்கு?

சுபாஷினி: இப்ப அதுவா முக்கியம்? நீ பள்ளிக்கூடத்துல பயாலஜி சொல்லிக் குடுத்தவதானே. பார்த்துச் சொல்லு மா!

காமினி: சரி, சரி. குசினிக்குப் போறேன்... சட்டி இங்கதான் இருக்கு. அடியில கொஞ்சம் சக்கை கிடக்கு.

சுபாஷினி: என்ன பூ?

காமினி: குழைஞ்சு போச்சு அண்ணி. வெந்தா எல்லா மஞ்சளும் ஒண்ணுதான். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது... கீழ போய் வேலியைப் பார்க்கணும்.

சுபாஷினி: நீயா? இன்னிக்குத்தானே டயாலிசிஸ் மிஷின்ல இருந்து வந்திருக்கே. பக்கத்து வீட்டு ஹனீபா அண்ணனைக் கூப்பிடு.

காமினி: அவரு கடைக்குப் போயிட்டாரு. இருந்தாலும் அவருக்கு ரோஜாவும் கங்கோங் கீரையும் ஒண்ணுதான்.

சுபாஷினி: லிஃப்ட்ல போ. மெதுவா.

காமினி: லிஃப்ட் ரோசாக் அண்ணி, நேத்திலேர்ந்து ஓடல. படியிலதான் இறங்கணும்.

சுபாஷினி: ஐயோ... காமினி, வேணாம் மா. நீ எங்கேயாவது மயங்கி விழுந்துட்டீன்னா நான் யாரைப் பார்ப்பேன்?

காமினி: விழமாட்டேன் லா. போனை வெச்சிராதீங்க. பேசிக்கிட்டே இருங்க.

சுபாஷினி: என்ன பேசுறது?

காமினி: எதையாவது... அண்ணன் என்னைக்கு இந்தப் பூவைப் பறிச்சுச்சு?

சுபாஷினி: இன்னிக்குக் காலையிலதான். நான் குளிச்சிட்டு வர்றேன், டேபிள்ல ஒரு குவியல். அழகா இருக்கேன்னு நெனச்சேன். சாமிக்குன்னு நெனச்சேன் மா நான்.

காமினி: ம்...

சுபாஷினி: என்ன, மூச்சு இப்படி வாங்குது? உட்காரு.

காமினி: ஒண்ணுமில்ல... ஒரு மாடி இறங்கியாச்சு.

சுபாஷினி: உட்காருன்னு சொல்றேன்ல!

காமினி: உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது அண்ணி. பேசுங்க.

சுபாஷினி: ...டாக்டர் சின்ன வயசுக்காரரு. மலாய்க்காரரு. பொறுமையாத்தான் பேசுறாரு. ஆனா அவரு முகத்தைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு.

காமினி: வந்துட்டேன். வேலிக்கிட்ட நிக்கிறேன்.

சுபாஷினி: என்ன இருக்கு? சொல்லு, சொல்லு.

காமினி: வேலி மேல படர்ந்து கிடக்கிறது அலமண்டா. பூ பெருசு, வாய் நல்லா விரிஞ்சிருக்கு. இலை அகலம். கணுவுக்கு நாலு இலை சேர்ந்து நிக்குது.

சுபாஷினி: அது நல்லதா கெட்டதா?

காமினி: வயித்தைக் கலக்கும், வாந்தி வரும். ஆளை அவ்வளவா ஒண்ணும் பண்ணாது... அதை ஒட்டியே நிக்கிறது பொன்னரளி.

சுபாஷினி: அரளியா!

காமினி: கத்தாதீங்க. பூ கிட்டத்தட்ட அதே மஞ்சள். ஆனா முழுசா விரியாது, குவளை மாதிரி சுருண்டு தொங்கும். இலை விரல் மாதிரி ஒல்லி. ரெண்டும் பின்னிக்கிட்டு நிக்குது. கீழ விழுந்து கிடக்கிறதும் கலந்துதான் கிடக்கு.

சுபாஷினி: அவரு எதுல பறிச்சாரு? அதைப் பாரு மா!

காமினி: பார்க்கிறேன்... இருங்க... இங்க கொடி ஒடிஞ்சிருக்கு. பால் வழிஞ்சு காய்ஞ்சிருக்கு. அலமண்டாதான் அண்ணி! அலமண்டாவைத்தான் பறிச்சிருக்கு!

சுபாஷினி: நெசமா?

காமினி: ஒடிஞ்ச கணு கண்ணெதிர தெரியுது. போய்ச் சொல்லுங்க டாக்டர்கிட்ட.

சுபாஷினி: கடவுளே... இரு, சொல்லிட்டு வர்றேன். அப்படியே இரு.

காமினி: எங்க போகப் போறேன்...

சுபாஷினி: ...காமினி? இருக்கியா?

காமினி: இருக்கேன். என்ன சொன்னாரு?

சுபாஷினி: தலையை ஆட்டலை மா. அலமண்டான்னா துடிப்பு இப்படி இறங்காதேங்கிறாரு. இன்னும் இறங்கியிருக்காம். நாப்பதுக்குக் கீழன்னு அந்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னதைக் கேட்டேன். வேற ஏதும் சாப்பிட்டாரா, நல்லா விசாரிங்கன்னு...

காமினி: ...அண்ணன் பேசுதா?

சுபாஷினி: ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. கேட்டா "வேலிப் பூ, வேலிப் பூ"ங்கிறாரு.

காமினி: வேலியில வேற எங்கயும்... அண்ணி, அலமண்டான்னு நான்தான் ஆசைப்பட்டுச் சொல்லிட்டேனோ...

சுபாஷினி: இப்ப அப்படிச் சொல்லாத! இரு, அவரு போட்டிருந்த சட்டை சிலுவாரையெல்லாம் என்கிட்டதான் குடுத்திருக்காங்க. பாக்கெட்டுல பார்க்கிறேன். அந்த வாட்ஸ்அப்பை எழுதிக்கிட்டாரோ என்னமோ... சாவி... கைக்குட்டை... இது என்ன?

காமினி: என்ன?

சுபாஷினி: ஏதோ காய் மா. ரெண்டு. பச்சையா, பளபளன்னு. உருண்டையும் இல்ல... நடுவுல ஒரு வரம்பு மாதிரி ஓடுது.

காமினி: முள்ளு இருக்கா மேல?

சுபாஷினி: இல்ல. வழவழன்னு இருக்கு.

காமினி: அண்ணி... அது அரளி.

சுபாஷினி: எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே? இப்பதானே அலமண்டான்னே!

காமினி: அலமண்டா இங்க காய்க்கிறதே அபூர்வம். இத்தனை வருஷத்துல இந்த வேலியில ஒரு காய் நான் பார்த்ததில்ல. காய்ச்சாலும் முள்ளு முள்ளாத்தான் இருக்கும்.

சுபாஷினி: ஏன் காய்க்காது? டாக்டர் கேட்டா நான் என்ன சொல்ல?

காமினி: பூவுக்குள்ள குழாய் ஆழம், அண்ணி. மகரந்தம் அடியில ஒளிஞ்சு கிடக்கு. அது வேற நாட்டுச் செடி, அங்க இருக்கிற நீள நாக்குத் தேனீக்காக ஆன பூ. நம்ம ஊரு கருவண்டு வாய் வழியாப் போகாது. வெளியில அடிப்பக்கம் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிட்டுப் போயிரும். மகரந்தம் ஒட்டாது, காய் பிடிக்காது. இங்க என் முன்னாலயே ஒரு பூவுல ஓட்டை இருக்கு.

சுபாஷினி: அரளிக்கு?

காமினி: அதுக்குத் தேனீயும் வருது, தேன்சிட்டும் வருது. கொத்துக் கொத்தாக் காய்க்குது. அந்தக் காயைப் பறிச்சிருக்குன்னா அந்த மரத்துல கை வெச்சிருக்கு. ரெண்டும் ஒரே பூன்னு நெனச்சு ரெண்டுலயும் பறிச்சிருக்கு!

சுபாஷினி: ஐயோ...

காமினி: ஓடுங்க. காயை டாக்டர் கையில குடுங்க. பொன்னரளின்னு சொல்லுங்க. இலையும் பூவும் படம் எடுத்து இப்பவே அனுப்புறேன், காட்டுங்க. அண்ணி, அண்ணி! இன்னொண்ணு. காயையும் போட்டுக் கொதிக்க வெச்சுச்சான்னு கேளுங்க. அதுதான் ரொம்ப மோசம். சட்டியில நான் கொட்டை எதுவும் பார்க்கலை, ஆனா கேளுங்க!

சுபாஷினி: கேட்கிறேன், கேட்கிறேன்...

காமினி: அண்ணி?... அண்ணி?... சரி. வர்றப்போ வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.

சுபாஷினி: ...காமினி! கேட்டுட்டேன். பூ மட்டும்தானாம். காய் நாளைக்குன்னு எடுத்து வெச்சிருந்தாராம்.

காமினி: நாளைக்கா...

சுபாஷினி: படத்தைப் பார்த்த உடனே டாக்டர் யாருக்கோ போன் அடிச்சாரு. இப்ப ஐசியூவுக்குக் கொண்டு போறாங்க. மருந்து ஏத்துறாங்க. என்னை வெளிய உட்கார வெச்சிட்டாங்க.

காமினி: நானும் உட்கார்ந்துதான் இருக்கேன். படிக்கட்டுல.

சுபாஷினி: மேல ஏற முடியலையா?

காமினி: ஏறுவேன். அவசரமில்ல. தண்ணி குடிச்சீங்களா?

சுபாஷினி: நீ என்னைக் கேட்கிறியா... இரு, டாக்டர் வர்றாரு. போனை வெச்சிராத.

காமினி: ம்.

சுபாஷினி: ...காமினி. துடிப்பு ஏறுதாம்! மெதுவா ஏறுதாம். இன்னிக்கும் நாளைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும், ஆனா சரியான நேரத்துல பூ பேரைச் சொன்னீங்கன்னாரு. கேட்குதா மா?

காமினி: கேட்குது.

சுபாஷினி: ஏன் மூக்கை உறிஞ்சுறே?

காமினி: அழுதுட்டேன். இப்ப சொல்லுங்க. குளிர்ச்சிக்கா குடிச்சுச்சு?

சுபாஷினி: அவரு எந்திரிச்சதும் அவரையே கேளு மா.

காமினி: அண்ணி.

சுபாஷினி: உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

காமினி: சொல்லுங்க.

சுபாஷினி: உனக்குக் கிட்னி குடுக்கிறதுக்கு அவருக்கு டெஸ்ட் எடுத்தாங்கள்ல, அதுல சுகர் வந்திருக்குன்னு சொல்லிட்டாங்க மா. இப்படியே இருந்தா எடுக்க முடியாதாம். மறுபடி டெஸ்ட் எடுக்கிறதுக்குள்ள இறக்கிடணும்னு சோத்தை விட்டாரு, தினம் காலையில ஓடினாரு... இந்தப் பூ சுகரை இறக்கும்னு எவனோ அனுப்பினதை நம்பிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா நீ மனசு விட்டுப் போயிருவேன்னு பயம் அவருக்கு.

காமினி: சுகர் இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணி. அண்ணன் கிட்னி வேணாம்னு போன மாசமே என் கிட்னி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அதை அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்னு அவருகிட்ட ஏத்துக்கிட்டு வந்து... அண்ணன் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.