யோசித்தால் அவுட்

கடற்காற்றும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் கைகோத்து வரும் இந்தக் கல்மண்டபத்து மொட்டை மாடியில், நமது ஞாயிறு ஆங்கில வட்டத்தின் ஓராண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஜஹானாரா அவர்களே, முறுக்குத் தட்டு காலியாகும்வரை என்னைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்ட முன்வரிசைப் பெரியோர்களே, வேலை முடிந்த களைப்போடு வீட்டுக்கும் போகாமல் இங்கே வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, என் தமிழைத் தாங்கியவர்களே, என் ஆங்கிலத்தை இன்னமும் தாங்கிக்கொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் செங்குட்டுவனின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை ஏன் தாழ்ந்தது என்பதைச் சொல்லத்தான் கால் மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். என்ன, மணி பார்க்கும் பீம்ராவ்? "அஞ்சு நிமிசந்தான் குட்த்தாங்க நைனா"வா? பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் அவமானப்பட எனக்குத் தெரியும். அனுபவம் இருக்கிறது.

அவையோரே, பகலில் மூட்டை, மாலையில் மேடை என்று பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். திருமண வாழ்த்தா, தெருக்கூட்டமா, தண்ணீர் லாரி வரவில்லை என்ற கண்டனமா, மைக் இருக்கும் இடத்தில் நான் இருப்பேன். இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில் டாக்டர் என் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். "இனிமே மூட்டை தூக்கினா முதுகு நிக்காது" என்றார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வரும் பெட்டி, போகும் பெட்டி எழுதிவைக்க ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு. உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆனால் ஆங்கிலம் வேண்டும். முதுகும் போய் மொழியும் இல்லாதவன் மூன்று வயிற்றுக்கு எப்படிச் சோறு போடுவான்?

அப்படிப் பிறந்ததுதான் நமது வட்டம். பாயில் வட்டமாக உட்காருவோம். ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல் சொல்வார். அதைக் கேட்டதும் மனத்தில் தோன்றும் அடுத்த சொல்லைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். ஷிப் என்றால் போர்ட், போர்ட் என்றால் கிரேன், கிரேன் என்றால் ரோப். பீம்ராவ் கைதட்டுவதற்குள் சொல் வரவில்லை என்றால் தோற்றவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். யோசித்தால் அவுட். அந்த அறிவார்ந்த சட்டத்தை இயற்றிய அறிஞன் யார்? சிரிக்காதீர்கள், அடியேன்தான்.

ஆறு மாதம் நான் தோற்கவே இல்லை. ஆறு மாதமும் டீ வாங்கியவர் இதோ, நம் தலைவர் ஜஹானாரா. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர். அவர் யோசிப்பார், நாங்கள் டீ குடிப்போம். ஒருநாள் ரெயின் என்று சொல் வந்தது. அம்ப்ரெல்லா என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, கைதட்டு விழுந்தது. டீத் தூக்கோடு படியேறி வந்து, "ஃப்ளட்" என்றார். அவர் வீடு, மழை பெய்தாலே வெள்ளம் புகும் சடையங்குப்பம். மழை என்றால் அவருக்குக் குடை நினைவுக்கு வருமா? நானோ, "லேட்டும்மா, லேட்டு" என்று சொல்லிவிட்டு டீயில் சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னேன். அன்று நான் அப்படிப்பட்டவன்.

யார்டில் இன்டர்வியூ வந்தது. இருவரும் போனோம். கடன் வாங்கிய சட்டையும் சொந்தத் திமிருமாக நான் முதலில் நுழைந்தேன். அதிகாரி, "குட் மார்னிங்" என்றார். யோசித்தால் அவுட் அல்லவா? "நைட்" என்றேன். "ப்ளீஸ் சிட்" என்றார். "ஸ்டாண்ட்" என்று சொல்லிவிட்டு நின்றேன். "நேம்?" என்றார். "அட்ரஸ்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கதவைக் காட்டி, "அவுட்" என்றார். நான், "அம்பயர்" என்றேன்.

சிரியுங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். நானே இப்போதுதான் சிரிக்கிறேன். அன்று பேருந்தில் ஏறாமல் ராயபுரம்வரை நடந்தே வந்தேன். அடுத்து உள்ளே போன ஜஹானாரா, ஒவ்வொரு கேள்விக்கும், "ஒன் மினிட் சார்" என்று கேட்டு, யோசித்து, தப்பும் சரியுமாகப் பதில் சொல்லி வேலையோடு வெளியே வந்தார்.

மூன்று ஞாயிறு இந்தப் படி ஏறவில்லை நான். நான்காம் ஞாயிறு அவர் என் வூட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணே, நீ வராம ஆட்டம் நல்லால்ல. இனிமே கைதட்டு கெடயாது. எவ்ளோ நேரம் வேணும்னாலும் யோசி. ஆனா உனக்கு உண்மையா எது தோணுதோ அத்த மட்டும் சொல்லு." வந்தேன். உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அவர் கொடுத்த சொல், "இங்கிலீஷ்."

யோசித்தேன். பதினான்கு ஆண்டுகள் மேடையில் முழங்கியவன் முதல்முறையாக யோசித்தேன். பிறகு, "ஃபியர்" என்றேன்.

ஆம், பயம். இங்கிலீஷ் மேல் பயம். கோட்டுப் போட்டவர் மேல் பயம். தெரியாது என்று சொன்னால் இத்தனை ஆண்டு வாங்கிய மாலையெல்லாம் வாடிவிடுமோ என்ற பயம். ஆயிரம் மேடையில் அலங்காரத் தமிழில் நான் மறைத்துவைத்ததை, தெரியாத மொழியில் ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டேன். உறவுகளே, மெல்லப் பேசுவது மடமையா? நின்று யோசிப்பது தோல்வியா? தெரியாது என்பது தலைகுனிவா? இல்லை. தெரியாததைத் தெரிந்ததாக முழங்கினேனே, அதுதான் தலைகுனிவு. மெட்ராஸ் பாஷை பேசும் நம் வாயில் எந்த மொழியும் ஏறும். பயந்து மூடிய வாயில்தான் ஒன்றும் ஏறாது.

யார்டில் இன்னோர் இடம் காலியாம். "அவரு இன்னொரு வாட்டி வருவாரு சார்" என்று அதே அதிகாரியிடம் தலைவர் சொல்லிவைத்திருக்கிறார். திங்கட்கிழமை போகிறேன். கிடைக்குமா? தெரியாது. தெரியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன், பார்த்தீர்களா?

விழா எடுத்தவர்களுக்கும், மைக் தந்தவருக்கும், மணியைப் பார்த்துக்கொண்டே பொறுத்திருந்த பீம்ராவுக்கும் நன்றி. இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. நான் ஃபியர் என்று சொன்ன அன்று இந்த மாடியில் நீங்கள் முப்பது பேர் இருந்தீர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதனால்தான் திங்கட்கிழமை என்னால் போக முடிகிறது. உங்கள் எல்லோரையும் வணங்கி, என் இருக்கைக்குத் திரும்புகிறேன்.