ஹக்கிள்பெரி ஓடையில் நின்ற நாய்

வாக்குமூலம் கொடுப்பவர்: வெர்னா ஹாகன், வயது 57, கணவர் பெயர் லெனர்ட் ஹாகன், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், லோன் எல்ம் ஊர், கிழக்குச் சமவெளி, மொன்டானா மாநிலம். பதிவு செய்பவர்: துணை ஷெரிஃப் ஜோலீன் பெக். குற்றச்சாட்டு: கரடி நடமாட்டத்தால் மூடப்பட்ட ஹக்கிள்பெரி ஓடைப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்தது.

நான் மேற்படி ஊரில் குடியிருந்து வருகிறேன். என்மேல் இதுவரை எந்த வழக்கும் கிடையாது, பேருந்தை ஒருமுறை கூட எதன்மீதும் இடித்ததும் கிடையாது. மூடப்பட்ட பகுதிக்குள் நான் நுழைந்தது உண்மை. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அதற்கு துணை ஷெரிஃப் சம்மதித்தார்.

நானும் என் கணவரின் தம்பி ரஸ் ஹாகனும் வருடந்தோறும் அக்டோபரில் நாய்களை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் காட்டுக்கோழி வேட்டைக்கு வருவது வழக்கம். என் கணவருக்கு நாயும் ஆகாது, நடையும் ஆகாது, அதனால் அவர் வருவதில்லை. ரஸ்ஸிடம் டியூக் என்ற பாயின்டர் நாய் இருக்கிறது. போட்டிகளில் பரிசு ரிப்பன் வாங்கிய நாய். அந்த ரிப்பன்களை ரஸ் வண்டியின் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறான், அவற்றின் வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறான். என்னிடம் இருப்பது பிஸ்கட் என்ற மூன்று வயதுப் பெண் நாய், பிரிட்டனி வகை. பறவை வாசனை பிடித்தால் அசையாமல் நின்று காட்டுவதுதான் இந்த நாய்களின் வேலை. பிஸ்கட் இரண்டு மூச்சுக்கு நிற்கும், அதன் பிறகு பாய்ந்துவிடும். துரத்துவதென்றால் அதற்கு உயிர். முயல், மாடு, ஒருமுறை தபால்காரர் வண்டி.

வழி நெடுக ரஸ் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். "உங்க பிஸ்கட் கோழிய நமக்குக் காட்டறதில்ல அண்ணி. வழியனுப்பி வச்சிட்டு வருது," என்றான். நான் அவன் வாங்கி வைத்திருந்த பொரித்த கோழி ஈரலை முழுவதும் தின்று பழி தீர்த்துக்கொண்டேன். அதன் பிறகு முகாமுக்கு வந்து சேர்ந்தோம், நாய்த்தீனி உட்பட எல்லா உணவையும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் பூட்டினோம், தூங்கினோம்.

மறுநாள் காலை ஹக்கிள்பெரி ஓடைப் பாதையில் ஏறினோம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சமவெளியில் கரடி கிடையாது. அங்கே எங்களுக்கு ஒரே சட்டம்தான், நாய் நின்றுவிட்டால் மனிதர்கள் வாயை மூட வேண்டும். மலையில் நேர்மாறு. கரடியைத் திடுக்கிட வைக்கக்கூடாது என்பதால் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். ரஸ் பாடுவான். எனக்குப் பாட வராது. நான் பேருந்தில் பிள்ளைகளிடம் கத்துவதையே கத்துவேன். "பின்னாடி யாரு நிக்கறது? உக்காரு! ஜன்னல மூடு! டைலர், அவள விடு!" இருபது வருடப் பழக்கம், தொண்டை வலிக்காது.

அதன் பிறகு, ஓடை வளையும் இடத்தில், காட்டுச் செர்ரிப் புதருக்கு முன்னால், பிஸ்கட் நின்றுவிட்டது. ஒரு முன்கால் மேலே, வால் நேராக, கழுத்து மணியில் சத்தமே இல்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். இரண்டு மூச்சு போனது. ஐந்து போனது. பத்து போனது. அசையவில்லை! என் நாய் நிற்கிறது, என் நாய் நிற்கிறது, என் காதுக்குள் ரத்தம் இடித்தது. ரஸ் பாட்டை நிறுத்தவில்லை. நான் திரும்பி அவனை வாயை மூடச் சொல்லிக் கைகாட்டினேன். மலையில் செய்யக்கூடாத காரியம் அது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

(இந்த இடத்தில் வாக்குமூலம் கொடுப்பவர் எழுந்து நாய் நின்ற விதத்தைச் செய்து காட்டினார். உட்காரும்படி சொல்லப்பட்டது.)

சத்தமில்லாமல் நான் முன்னேறினேன். மூன்று கோழிகள் படபடவென்று கிளம்பின. நான் சுட்டேன். ஒன்று விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து மாவட்டமே திரும்பியிருக்கும். அந்தக் கூச்சல் ஓயுமுன் செர்ரிப் புதரின் மறுபக்கம் எழுந்து நின்றது. ஒரு பெண் கிரிஸ்லி கரடி. வாயைச் சுற்றிச் செர்ரிச் சாறு. அதன் பின்னால் ஒரு குட்டி.

கரடி காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. ரஸ் இடுப்பிலிருந்த கரடி ஸ்ப்ரேயை எடுத்து அடித்தான். சரியான நேரத்தில்தான் அடித்தான், காற்றை மட்டும் பார்க்கவில்லை. பாதி மிளகாய் நெடி கரடியிடம் போனது, பாதி அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. கரடி தும்மிவிட்டுத் திரும்பியது, குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. டியூக் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. ரிப்பன் வாங்கிய அந்த நாயை அதன் பிறகு வண்டிக்கு அடியிலிருந்துதான் வெளியே இழுத்தோம். பிஸ்கட் என்ன செய்தது என்றால், குரைத்துக்கொண்டு கரடியைத் துரத்திக்கொண்டு போனது.

நான் விசில் அடித்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன், வரவில்லை. ரஸ் கண்ணைத் திறக்க முடியாமல் தரையில் புரண்டுகொண்டிருந்தான். "அண்ணி, விட்டுட்டுப் போயிடாதீங்க அண்ணி," என்றான். அவனை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் கையைப் பிடித்து வண்டிவரை நடத்திக்கொண்டு வந்தேன். பின்பக்கம் பார்த்துப் பார்த்து நடந்ததில் அவனை இரண்டு மரத்தில் மோதவிட்டேன்.

பிஸ்கட்டின் கழுத்துப் பட்டையில் இடம் காட்டும் சாதனம் உண்டு. என் கையிலிருக்கும் கருவியில் அது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். ஓடினால் ஓடும் நாயின் படம் வரும், அசையாவிட்டால் நிற்கும் நாயின் படம் வரும். அந்தக் கருவியின் அறிவு அவ்வளவுதான். கோழியைக் காட்டி நிற்கும் நாயும் செத்துக் கிடக்கும் நாயும் அதற்கு ஒன்று. வண்டிக்கு வரும் வழியில் ஓடும் நாய் காட்டியது. வண்டிக்கு வந்து பார்த்தபோது நிற்கும் நாய் காட்டியது. அதன் பிறகு அது மாறவே இல்லை.

நாங்கள் போன் செய்ததும் வனக்காவலர் பூன் வந்தார். நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார். கரடிமேல் எந்தத் தப்பும் இல்லை, திடுக்கிட வைத்தது நான்தான் என்று அவரிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அவர் பாதைக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டினார், மூடப்பட்டது என்ற பலகையை மரத்தில் அடித்தார். அதன் பிறகு என் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, கரடி பின்னால போன நாய் இவ்வளவு நேரமா அசையலன்னா, அது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல," என்றார்.

"என் நாய் சாகல தம்பி," என்றேன்.

"அப்போ ஏன் அசையல?"

"அதத்தான் போய்ப் பாக்கணும்ங்கறேன்."

"குட்டியோட கரடி உள்ள இருக்கு. ரெண்டு நாள் போகட்டும். நானே போய் எடுத்துட்டு வந்து தர்றேன்," என்றார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் நாயைத் தூக்கிக்கொண்டு வரும் சாமானைப் போலப் பேசினார். ரஸ்ஸும் ஈரத்துணிக்கு அடியிலிருந்து பேசினான். "அண்ணி, காலைல கோழி முன்னால நின்னது வேற. சும்மா ஒரு இடத்துல நிக்கிற நாயா அது? நீங்களே சொல்லுங்க." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு வனக்காவலர் ரஸ்ஸின் கண்ணைக் கழுவ முகாமின் குழாயடிக்கு அழைத்துப் போனார். நான் வண்டியின் திறந்த பின்கதவில் உட்கார்ந்து கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளலாம். அப்போது படம் மாறியது. ஓடும் நாய் வந்தது. ஒரே ஒரு கணம். மறுபடி நிற்கும் நாய்.

செத்த நாய் அசையாது! என்னைத் தவிர அதைப் பார்த்தவர் யாரும் இல்லை, இருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். கருவிக் கோளாறு என்பார்கள். துப்பாக்கியை வண்டியில் பூட்டினேன். என் பங்கு ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டேன். பலகையை முழுக்கப் படித்தேன், அபராதத் தொகை உட்பட. படித்துவிட்டு நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

இந்த முறை வாய் மூடவில்லை. என் பேருந்து வழித்தடத்தில் ஏறும் அத்தனை பிள்ளைகளின் பெயரையும் கத்திக்கொண்டு போனேன். பெயர் தீர்ந்ததும் அவர்கள் அப்பன்களின் பெயரைக் கத்தினேன், அவர்களும் என் பேருந்தில் வந்தவர்கள்தான். ஓடை வளைவில் எதிர்ச்சரிவில் கரடி தெரிந்தது. குட்டியும் இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்று ஸ்ப்ரேயை நீட்டி, "உக்காரு!" என்று கத்தினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. கரடி பின்னங்காலில் எழுந்து என்னை மோப்பம் பிடித்தது. "எந்திரிக்கச் சொல்லல, உக்காரச் சொன்னேன்!" என்றேன். கரடி நாலு காலில் இறங்கி, குட்டியோடு முகட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம்.

கருவி காட்டிய இடத்தில் பழைய ஆட்டுப்பட்டியின் முள்கம்பி விழுந்து கிடந்தது. அதன்மேல் புல் மூடியிருந்தது. அங்கே பிஸ்கட் நின்றுகொண்டிருந்தது. கம்பி கழுத்துப் பட்டையைச் சுற்றி முறுக்கியிருந்தது. உட்கார்ந்தால் கழுத்தை நெரிக்கும், அதனால் அது உட்காரவில்லை. படுக்கவில்லை. மணிக்குள் சேறு அடைத்திருந்தது. தோளில் கம்பி கிழித்து ரத்தம். குரைக்கக் கழுத்தில் இடமில்லை. என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, ஆனாலும் நின்றது. இரண்டு மூச்சுக்கு மேல் நிற்கத் தெரியாத என் பெண் காலையிலிருந்து உயிருக்காக நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

நாயின் மூக்கில் குத்தும் முள்ளம்பன்றி முள்ளைப் பிடுங்க வைத்திருக்கும் குறடு என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதைக்கொண்டு கம்பியை வெட்டினேன். வெட்டியதும் அது என்மேல் சாய்ந்தது. அதன் பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு, பெயர்களை முதலிலிருந்து கத்திக்கொண்டு, ஓடாமல் நடந்து வந்தேன். ஓடக்கூடாது என்று பலகையில் போட்டிருந்தது.

நாடாவுக்கு அந்தப் பக்கம் வனக்காவலரும் ரஸ்ஸும் நின்றார்கள். "பலகையப் படிச்சீங்களா இல்லையா?" என்றார் வனக்காவலர். "படிச்சேன் தம்பி. நல்லா எழுதியிருக்கீங்க," என்றேன். ரஸ் பிஸ்கட்டை என் தோளிலிருந்து வாங்கித் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டான். அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "ஸ்ப்ரே இன்னும் போகல அண்ணி," என்றான். அதன் பிறகு கால்நடை மருத்துவரிடம் போய்த் தோளில் தையல் போட்டோம், அதன் பிறகு வனக்காவலர் சொன்னபடி இந்த அலுவலகத்துக்கு வந்தேன்.

இங்கே குற்றப்பத்திரிகையை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நாய் செத்துவிட்டது என்று வனக்காவலர் மதியம், நான் உள்ளே போகும் முன், எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்தது அது. அதில் நான் "இறந்த நாயின் சடலத்தை எடுப்பதற்காக" உள்ளே நுழைந்ததாக இருந்தது. அது தவறு என்று சொன்னேன். துணை ஷெரிஃப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பதிவுக்கு இல்லை என்று சொல்லி என்னிடம் பேசினார். அவர் சொன்னது அக்கறையில் சொன்னது, பதிவில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவருக்கும் இல்லை என்று இப்போது சொல்லிவிட்டார்.

"அக்கா, இத இப்படியே விட்டுடுங்க. செத்த நாய எடுக்கப் போனீங்கன்னா நீதிபதி எச்சரிச்சு அனுப்பிடுவாரு. உயிரோட இருக்கிற வேட்டை நாய்னா, வேட்டைப் பருவத்துல மூடின இடத்துல நாயோட இருந்ததா ஆயிடும். ரெண்டு வருஷம் உங்க வேட்டை லைசென்ஸ் போயிடும்," என்றார்.

"ரெண்டு வருஷமா?" என்றேன்.

"ரெண்டு வருஷம். ஒரு வார்த்தை தானே அக்கா. யாருக்கு என்ன நஷ்டம்?"

நான் யோசித்தேன். இரண்டு அக்டோபர் வீட்டில் லெனர்ட்டோடு டிவி பார்ப்பதை யோசித்தேன், அது லேசான தண்டனை அல்ல. அதன் பிறகு, இன்று காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் என் நாயைச் சாகடித்துவிட்டார்கள், கருவி சாகடித்தது, ரஸ் சாகடித்தான், தொப்பியைக் கழற்றி ஒருவர் சாகடித்தார், நானும் என் பங்குக்குக் காகிதத்தில் சாகடித்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொன்னேன். பேனாவை எடுக்கச் சொன்னேன்.

நான் நல்ல நினைவோடு, யாரும் மிரட்டாமல், நிறையப் பேர் தடுத்தும், சொந்த விருப்பத்தில் கொடுத்த வாக்குமூலம் இது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். குற்றப்பத்திரிகையில் "இறந்த நாயின் சடலத்தை" என்பதை என் கையாலேயே அடித்து, "உயிரோடு நின்றுகொண்டிருந்த நாயை" என்று எழுதி, பக்கத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வெர்னா ஹாகன்