கசக்காத ஒரு கொடி

இரண்டு நாற்காலிகளை ஒருவராகவே நிரப்பி வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் மத்ரஹீம் அவர்களே, முகர்ந்தே பக்குவம் சொல்லும் கோரெஸ்ம் மண்ணின் முலாம்பழப் பெரியோர்களே, என் பேச்சு முடியாமல் விருந்து வராது என்று தெரிந்தும் பொறுத்திருக்கும் தாய்மார்களே, பயிர் ஆய்வாளர் ஜுல்ஹுமரின் வணக்கம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் வயல்களில் விளைந்தது என்ன? வாடல் நோய். மாலையில் மதர்த்து நின்ற கொடி மறுநாள் மதியம் மடிந்து கிடந்தது. உழவர் மத்னியாஸ் மட்டும், கால்வாய்க் கரையில் பிழைத்திருந்த ஒரு காட்டு முலாம்பழக் கொடியைக் காட்டினார். அதன் பழத்தைக் கடித்தேன். அன்று முழுக்கத் தேநீரும் கசந்தது.

அந்தக் கசப்போடு நம் இனிப்பைக் கலந்தேன். தலைவர் வந்து அந்தக் கலப்புப் பழத்தைச் சுவைத்துப் பார்த்தார். "டாக்டரம்மா, இதைக் கழுதைக்கு வெச்சா அது நம்ம மேல கேஸ் போடும்" என்றார்.

அந்தக் கலப்பின் பேரக்கொடிகள் இருநூறு வளர்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிள்ளினேன். இலையின் டி.என்.ஏ. எழுத்துகளை இயந்திரம் வாசித்தது. எந்தத் துண்டு காட்டிலிருந்து வந்தது, எது வயலிலிருந்து வந்தது என்று மரபணு வரைபடம் வரைந்தேன். பிழைத்த கொடிகளிலெல்லாம் ஒரே காட்டுத் துண்டு. வென்றேனா? கசப்பும் அதற்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. பிழைத்ததெல்லாம் கசந்தது, இனித்ததெல்லாம் செத்தது.

"உழுதுட்டுப் பருத்தி போடலாம். வரைபடத்துல மீன் பொட்டலம் கட்டலாம்" என்றார் தலைவர்.

"ஒரு பருவம் குடுங்கண்ணே. நோயத் தாங்குற குணமும் கசப்பும் ஒட்டித்தான் இருக்கு. ஆனா ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுல பிரியும்."

"என் நிலத்துல போடுங்கக்கா" என்றார் மத்னியாஸ். "பருத்திய அவர் தலையில போட்டுக்கட்டும்."

முறைக்காதீர்கள் தலைவரே, சொன்னது அவர்.

ஆயிரத்து நானூறு நாற்றுகள் நட்டோம். இலை கிள்ளிக் கிள்ளி விரல்கள் பச்சையாயின. பிரிந்தவை இரண்டே இரண்டு என்று வரைபடம் காட்டியது. ஒன்றை மாடு மேய்ந்தது. என்ன, யார் மாடு என்கிறீர்களா? விடுங்கள், தலைவர் தண்ணீர் குடிக்கிறார்.

மிஞ்சியது நோய் மண்ணில் நின்றது, காய்த்தது. அறுத்த அன்று முதல் கீற்றைத் தலைவரிடமே நீட்டினேன். காறித் துப்ப அவரைவிடப் பொருத்தமானவர் யார்? மென்றார்.  இரண்டாம் கீற்றை எடுத்தார்.  பொறுக்காமல் நானே கேட்டேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"இன்னொண்ணு தின்னாத்தான் சொல்ல முடியும்."

தின்றுவிட்டு, விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நடையைக் கட்டினார். மத்னியாஸ் மறித்தார். "அண்ணே, ஊருக்கே அது ஒண்ணுதான். வெச்சுட்டுப் போங்க." தலைவர் முடிச்சை அவிழ்த்தார்.

தேறியதை மட்டும் தேர்ந்து பெருக்கினோம். இன்று நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு விதை இருக்கிறது. களையென்று அந்தக் காட்டுக் கொடியை அன்றே பிடுங்கியிருந்தால் எதைப் பெருக்கியிருப்போம்? எதை விதைத்திருப்போம்? எதைத் தின்றிருப்போம்?

முதல் பொட்டலம் மத்னியாஸுக்கு. கடைசிப் பொட்டலம் தலைவருக்கு. "எல்லாரும் வாங்கினப்புறம் எனக்குக் குடுங்க" என்று காலையில் அவரே கேட்டுக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன், இன்று ஒரு நாள் மட்டும். கேட்ட காதுகளுக்கு நன்றி, காத்திருந்த வயிறுகளுக்கு விடுதலை. வணக்கம்.