மாவு அரைத்த ரசீது

கரையான்சாவடியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆவடி போகும் பஸ். இளையவள் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள் என்பது அவள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"என் பார்லரப் போயி மாவு மில்லான்னு கேக்குறாருக்கா, அந்த சேல்ஸ் டாக்ஸ்காரரு."

"இன்னாடி சொல்ற?"

"பில் புக்க எடுத்துப் பாத்தாரு. பக்கத்துக்குப் பக்கம் மாவு அரைச்ச கூலின்னு எழுதிக்கீது."

"யாரு எழுதுனது?"

"நான்தான். புருவம் எடுத்ததுன்னு எழுதினா, ஊட்ல புருசன் பில்லப் பாத்துட்டுக் கத்துவாராம். வர்றவங்கல்லாம் மாவுன்னு போட்டுக் குடும்மான்றாங்க."

"பில் அடிக்கிற மிசினு ஒண்ணு வாங்கிடேன்."

"மிசினுக்குப் பொய் சொல்ல வருமாக்கா?"

கண்டக்டர் விசில் ஊதக்கூட மறந்து அவர்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"அப்புறம் இன்னாடி?"

"மாவு மிசின் எங்கன்னாரு. சேர்ல ஒருத்தி மூஞ்சி பூரா கடலை மாவப் பூசிக்கினு சாஞ்சிருந்தா. 'நீங்க இன்னாத்துக்கும்மா வந்தீங்க?'ன்னு அவளக் கேட்டாரு. அவ கண்ணக்கூடத் தொறக்கல. 'மாவு அரைக்க வந்தேன் சார்'ன்றா."

"ஐயோ! கேஸ் போட்டுட்டாரா?"

"இல்லக்கா. பில் புக்க மூடிட்டு அப்டியே உக்காந்துட்டாரு. 'எங்க ஊட்டுக்கும் மாசம் ரெண்டு தபா இந்த பில்லு வருதும்மா. மாவுதான் இன்னிக்கு வரைக்கும் வர்ல'ன்னாரு."